ஐம்பது மேசை விருந்தில் மிஞ்சுவது எவ்வளவு?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஆண்டின் கடைசி நான்கு மாதங்களில் நம் மலேசியக் கத்தோலிக்கப் பங்குகளில், அதாவது கோவில் சமூகங்களில், நிதி விருந்துக்கு மேசை விற்பவர்களுக்கு ஓய்வே கிடையாது. முதியோர் இல்லத்துக்கு ஒரு விருந்து, சிறுவர் இல்லத்துக்கு ஒன்று, மண்டபக் கூரைக்கு ஒன்று, ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபைக்கு ஒன்று. வாங்குபவர்களோ பெரும்பாலும் அதே முப்பது நாற்பது குடும்பங்கள். ‘முன்பு போல யாரும் கொடுப்பதில்லை’ என்ற புலம்பல் அதன்பின் கிளம்பும். பங்குகளில் கணக்குப் பார்க்கும் எங்களுக்கு இதில் உடன்பாடில்லை. கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். கேட்கிற விதத்திலும், வாங்கியபின் நடந்துகொள்கிற விதத்திலும்தான் ஓட்டை இருக்கிறது. அதை அடைக்கும் வழிகளைக் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறோம், பொறுத்தருள்க.

விருந்துக் கணக்கையே முதலில் போட்டுப் பார்ப்போம். பத்துப் பேர் அமரும் மேசை 1,000 ரிங்கிட். உணவகத்தில் 50 மேசைக்கு உறுதி கொடுத்தாயிற்று. அவர்கள் விலை மேசைக்கு 650. குருக்களுக்கும் கன்னியருக்கும் இல்லத்துப் பிள்ளைகளுக்கும் மூன்று மேசை இலவசம். நான்கு மேசை கடைசிவரை விலைபோகவில்லை, ஆனாலும் உறுதி கொடுத்த பாவத்துக்கு அவற்றுக்கும் பணம் கட்ட வேண்டும். வரவு 43,000. உணவகத்துக்கு 32,500. ஒலிபெருக்கி, மேடை, பதாகை, டிக்கெட் அச்சு எல்லாம் சேர்த்து 5,500. மிச்சம் 5,000. அதற்காக இருபது பேர் மூன்று மாதம் அலைந்திருப்பார்கள். ஹோட்டல்காரர் கொடுத்த விலைத்தாளில் 650-க்குப் பின்னால் இரண்டு கூட்டல் குறிகள் இருந்து, அதைக் குழுவில் யாரும் கவனிக்கவில்லை என்றால் அந்த மிச்சமும் போயிற்று. அந்தக் குறிகள் சொல்வது, 10 விழுக்காடு சேவைக் கட்டணம், 6 விழுக்காடு சேவை வரி. மேசைக்கு 104 ரிங்கிட், ஐம்பது மேசைக்கு 5,200. இல்லத்துக்குச் சேர வேண்டிய நிதியிலிருந்து 200 ரிங்கிட்டை எடுத்துச் சாப்பாட்டுக் கடனை அடைக்க வேண்டிவரும்.

விருந்தே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. புதியவர்களுக்கு ஒரு பணியை அறிமுகப்படுத்த அது நல்ல வழி. ஆனால் எல்லாக் கட்டணமும் வரியும் அடங்கிய விலையை எழுத்தில் வாங்குங்கள். எதிர்பார்க்கும் மேசைகளில் எழுபது விழுக்காட்டுக்கு மட்டும் உறுதி கொடுத்து, பத்து நாள் முன்பு வரை கூட்டிக்கொள்ள இடம் வைத்துப் பேசுங்கள். இலவச மேசை ஒவ்வொன்றுக்கும் ஒரு புரவலரை முன்கூட்டியே பிடியுங்கள். மேசை எடுத்தவர் விருந்துக்கு முன்பே பணம் கட்டிவிட வேண்டும். சாப்பிட்டு முடித்த மேசைக்கு வசூலுக்குப் போவது போன்ற தர்மசங்கடம் வேறில்லை. அதிர்ஷ்டக் குலுக்கலிலும் எச்சரிக்கை வேண்டும். குலுக்கலுக்கென்றே தனிச் சீட்டு அச்சடித்து விற்றால் அது 1952-ஆம் ஆண்டின் லாட்டரிச் சட்டத்துக்குள் வரும். கோவில் காரியம்தானே என்று யாரும் விட்டுவிட மாட்டார்கள்.

நிதிக்காக நடத்தும் உணவுச் சந்தையில் ஓட்டை இருப்பது, பணத்துக்குப் பதில் கடைகளில் கொடுக்கும் கூப்பனில். புத்தகங்களுக்கு வரிசை எண் இட்டு, 001 முதல் 020 வரை யாரிடம் போயிற்று என்று கையெழுத்து வாங்க வேண்டும். விற்காத புத்தகம் முழுசாகத் திரும்பி வர வேண்டும். கடைகளில் சேரும் கூப்பனை அன்று மாலையே எண்ணி, கிழித்துவிட வேண்டும். இல்லையென்றால் ஒரே கூப்பன் இரண்டு முறை கணக்கில் ஏறும்.

விருந்துக்கும் சந்தைக்கும் செலவழிக்கும் உழைப்பில் பாதியை மாதாந்திர நன்கொடைக்குக் கொடுத்தால் போதும் என்பது எங்கள் கணிப்பு. நூறு பேர் மாதம் 30 ரிங்கிட் கொடுத்தால் ஆண்டுக்கு 36,000. இருபது பேர் இடையில் நின்றுபோனாலும் 28,800-க்குக் குறையாது. செலவு, நூறு படிவம் அச்சடிக்கும் காசுதான். பத்து அன்பியம் (அக்கம்பக்கக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கும் சிறு குழு) உள்ள பங்கில் அன்பியத்துக்குப் பத்துப் பேர் சேர்ந்தால் கணக்கு முடிந்தது. பீடத்திலிருந்து அறிவிப்பதைவிட, அன்பியக் கூட்டத்தில் ஜெபம் முடிந்து தேநீர் குடிக்கும் நேரத்தில், அந்தப் பணியில் இருக்கிற ஒருவரே படிவத்தோடு போய்க் கேட்பது பலிக்கும். ‘உங்களால் முடிந்ததைக் கொடுங்கள்’ என்று சொல்லவே சொல்லாதீர்கள். அப்படிக் கேட்டால் கையில் இருக்கும் ஐந்து ரிங்கிட் வரும். ‘மாதம் 30 ரிங்கிட், ஓராண்டுக்கு’ என்று தொகையைச் சொல்லுங்கள். முடியாதவர் 10 தருகிறேன் என்பார். அதையும் மகிழ்ச்சியோடு எழுதிக்கொள்ளுங்கள்.

மாதாமாதம் பணம் தானாகவே போகும்படி வங்கியில் ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்‌ஷன் போட்டுத்தரும்போது மூன்று இடங்களில் சிக்கும். முடிவுத் தேதி போட்டிருந்தால் ஓராண்டு கழித்துச் சத்தமில்லாமல் நின்றுபோகும். பதினோராவது மாதமே அழைத்து நினைவுபடுத்த ஒருவர் வேண்டும். அடுத்தது, குறிப்புப் பகுதியில் ஒன்றும் எழுதாமல் அனுப்பினால் யார் பணம், எதற்கான பணம் என்று தெரியாது. நிதியின் சுருக்கப் பெயரையும் கைப்பேசியின் கடைசி நான்கு எண்களையும் எழுதச் சொல்லுங்கள். மூன்றாவது, நன்கொடையாளர் பட்டியல் பொருளாளரின் சொந்தக் கைப்பேசியில் இருப்பது. அவர் மாறினால் பட்டியலும் அவரோடு போய்விடும். பெயர், தொடர்பு எண், எந்த மொழியில் பேசுவார், எப்போது எதற்கு எவ்வளவு கொடுத்தார், யார் போய்க் கேட்டார் என்ற ஐந்தும் பங்கு அலுவலகத்தின் ஏட்டில் இருக்க வேண்டும்.

மொழியைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. கோலாலம்பூரிலும் பினாங்கிலும் ஒரே பங்கில் ஆங்கிலம், தமிழ், மாண்டரின், மலாய் என நான்கு மொழித் திருப்பலி நடக்கிறது; வேண்டுகோள் கடிதம் மட்டும் ஆங்கிலத்தில் அடித்து நான்கு திருப்பலியிலும் விநியோகிக்கப்படுகிறது. தமிழ்த் திருப்பலிக்கு வரும் பாட்டிகள் அதை மடித்து ஜெபப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். மாதா நவநாளுக்கும் அந்தோனியார் செவ்வாய்க்கும் தவறாமல் காணிக்கை போடும் கைகள் அவை. மொழிபெயர்த்த கடிதமும் வேண்டாம். நம் வீட்டு வழக்கில் புதிதாக எழுதிய ஒரு பக்கம், பெரிய எழுத்தில், போதும்.

திருப்பலியில் பேச இடம் கிடைத்தால் நன்றி மன்றாட்டுக்குப் பின், இறுதி ஆசீருக்கு முன், மூன்று நிமிடம். காணிக்கை உறையும் பேனாவும் அதற்கு முன்பே இருக்கையில் இருக்க வேண்டும்; பேசி முடித்தபின் விநியோகித்தால் பாதிப் பேர் வாகன நிறுத்துமிடத்தில் இருப்பார்கள். நாளைப் பார்த்தும் தேர்ந்தெடுங்கள். பெரிய வெள்ளியின் காணிக்கை புனித நாட்டுக்கு, அக்டோபரில் கடைசிக்கு முந்திய ஞாயிறு மறைபரப்புப் பணிக்கு என்று உலகத் திருச்சபைக்கே சில நாட்கள் ஒதுக்கப்பட்டவை. அவற்றின்மேல் நம் உறையை வைப்பது முறையுமல்ல, பலனும் தராது.

இனி, பல குழுக்கள் தெரியாமலே தடுக்கி விழும் இடத்துக்கு வருகிறோம். திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1267-ஆம் விதி, மூன்றாம் பிரிவு: ஒரு குறிப்பிட்ட நோக்கத்துக்காக விசுவாசிகள் கொடுத்ததை அந்த நோக்கத்துக்கு மட்டுமே செலவிடலாம். சொல்வது எளிது. ‘இல்லத்துக்கு வேன் வாங்க 80,000 ரிங்கிட் தேவை’ என்று கேட்கிறோம். 95,000 சேர்ந்துவிடுகிறது. மீதி 15,000-ஐ வைத்துச் சமையலறைக் கூரையை மாற்றலாமா? வேண்டுகோளில் வேன் என்று மட்டும் எழுதியிருந்தால் கைவைக்கக் கூடாது. 40,000 மட்டும் சேர்ந்தால் நிலைமை அதைவிட மோசம். வேனும் வராது, பணத்தையும் தொட முடியாது. ஆகவே ஒவ்வொரு வேண்டுகோளின் அடியிலும் இரண்டு வரி இருக்கட்டும்: ‘தேவைக்கு மேல் சேர்ந்தால் இதே இல்லத்தின் பராமரிப்புக்குப் பயன்படும். இன்ன தேதிக்குள் போதிய தொகை சேராவிட்டால் இல்லத்தின் போக்குவரத்துச் செலவுக்குப் பயன்படும்.’ இந்த இரண்டு வரி இல்லாததால் வங்கியில் முடங்கிக் கிடக்கும் நிதிகள் உண்டு.

அந்தோனியார் அப்பத்துக்கென்று வைத்த உண்டியலுக்கும் இதே சட்டம்தான். அது ஏழைகளின் பசிக்கு வந்த பணம். தேர்ப்பவனியின் பூவுக்கும் பேண்டு வாத்தியத்துக்கும் அதிலிருந்து ‘தற்காலிகமாக’ எடுத்துக்கொள்வது, திருப்பி வைத்தாலும் தவறு. அதுபோல, ‘100 ரிங்கிட் கொடுத்தால் உங்கள் குடும்பத்துக்கு ஒரு திருப்பலி’ என்று நன்கொடைத் தாளில் அச்சடிப்பதும் வேண்டாம். திருப்பலிக் காணிக்கையில் வியாபாரத்தின் சாயல்கூட இருக்கக் கூடாது என்கிறது அதே திருச்சபைச் சட்டத்தின் 947-ஆம் விதி. அடுத்த விதியோ, காணிக்கை வாங்கிய ஒவ்வொரு மன்றாட்டுக் கருத்துக்கும் தனித்தனித் திருப்பலி ஒப்புக்கொடுக்கச் சொல்கிறது. நூறு பேரிடம் அப்படி வாங்கிவிட்டால் நூறு திருப்பலிகளை யார் வைப்பது?

சம்பளத்தையும் மின்கட்டணத்தையும் கேட்க வெட்கப்படுகிறோம் என்பது இன்னொரு குறை. இல்லத்தில் இரவுநேரம் முதியவரைத் தூக்கி அமர்த்த ஆள் வேண்டும். அந்த ஆளுக்குச் சம்பளம் வேண்டும். கொடுப்பவருக்கு இது புரியாது என்று நாமாக முடிவு செய்துகொண்டு அரிசி மூட்டையையே கேட்டுக்கொண்டிருக்கிறோம். கிறிஸ்துமசுக்கு அரிசியும் பிஸ்கட் டின்னும் குவிகின்றன. மார்ச் மாதத்தில் பணியாளர் சம்பளத்துக்கு வழியில்லை. ‘ஓர் இரவுப் பணியாளரின் ஒரு நாள் சம்பளம்’ என்று தொகை போட்டுக் கேட்டுப் பாருங்கள்.

ரசீது, வரி விஷயத்தில் வாய்வார்த்தை உதவாது. 1967-ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டம் 44(6) பிரிவின்கீழ் அங்கீகாரம் பெற்ற அமைப்புக்குக் கொடுத்த பணத்துக்குத்தான் கழிவு உண்டு. தனிநபருக்கு மொத்த வருமானத்தில் 10 விழுக்காடு வரை. ஆண்டு வருமானம் 60,000 என்றால் 6,000 வரை. பணமாகக் கொடுத்தால்தான், அரிசி மூட்டைக்கு இந்தப் பிரிவில் இடமில்லை. கோவில் நடத்தும் பணி என்பதாலேயே இந்த அங்கீகாரம் தானாக வந்துவிடாது. மறைமாவட்ட அலுவலகத்தில் கேட்டு, தங்கள் பணி எந்த அங்கீகாரத்தின்கீழ் வருகிறது என்று கடிதத்தைக் கண்ணால் பார்த்தபின்பே தாளில் ‘வரிக் கழிவு உண்டு’ என்று அச்சடியுங்கள். நிறுவனங்களிடம் போகும்போது முதல் கேள்வியே இதுதான். இரண்டாவது, தணிக்கை செய்த கணக்கு. இரண்டும் இல்லாமல் வரவேற்பறையில் காத்திருப்பது வீண்.

கியூஆர் ஒட்டுவது இப்போது எல்லாக் கோவிலிலும் வந்துவிட்டது. ஸ்கேன் செய்ததும் திரையில் வரும் பெயர் கோவிலின் பெயராகவோ அமைப்பின் பெயராகவோ இருக்க வேண்டும், செயலாளரின் பெயராக அல்ல. வாரம் ஒருமுறை நிதிக்குழுவில் ஒருவர் தன் கைப்பேசியில் ஸ்கேன் செய்து ஒரு ரிங்கிட் அனுப்பிப் பார்க்கட்டும். மேலே வேறொரு ஒட்டியை ஒட்டிவிட்டுப் போகிற கும்பல்களுக்குக் கோவில், கடை என்ற பேதமில்லை. ரொக்கம் என்றால் ஒருவருக்கொருவர் உறவினர் அல்லாத இருவர், திருப்பலி முடிந்த கையோடு, ஒரே அறையில் எண்ணி, இருவரும் கையெழுத்திட்டு, எண் அச்சடித்த பையில் மூடி, அடுத்த வேலைநாளில் வங்கியில் கட்ட வேண்டும். எண்ணுபவர்களை மாற்றிக்கொண்டே இருங்கள். யாரையும் சந்தேகப்பட்டு இதைச் சொல்லவில்லை. பின்னாளில் ஏதாவது பேச்சு வந்தால் காப்பாற்றப்படுவது எண்ணியவர்தான்.

உணவு அங்காடிகளில் இரவு பத்து மணிக்கு மேசை மேசையாக அட்டையைக் காட்டி வருகிறவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். வீடு வீடாகவும் தெருவிலும் வசூலிப்பதற்கு 1947-ஆம் ஆண்டிலிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது. போலீஸ் உரிமம் வேண்டும். பதிவுச் சான்றிதழின் நகலைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் காட்டுவது உரிமம் ஆகாது. வசூலில் பங்கு வாங்கிக்கொண்டு பணியாற்றும் ஆட்களை எந்தக் கத்தோலிக்க இல்லமும் வைத்துக்கொள்ளக் கூடாது. கொடுப்பவர் கொடுத்த பத்து ரிங்கிட்டில் இல்லத்துக்குப் போனது எவ்வளவு என்று ஒருநாள் கேட்பார். பிள்ளைகளை உண்டியலோடு அனுப்புவதைப் பற்றி எழுதவே மனம் வரவில்லை. கூடாது.

நம் தமிழ்ப் பங்குகளுக்கே உரிய ஒன்று, தமிழ்நாட்டிலிருந்து வரும் வேண்டுகோள். விடுமுறைக்கு வரும் அருட்தந்தையோ கன்னியரோ ஊரில் கட்டும் பள்ளிக்கும் அநாதை இல்லத்துக்கும் உதவி கேட்பார்கள். உண்மையான தேவையாகவே இருக்கும். ஆனால் திருச்சபைச் சட்டத்தின் 1265-ஆம் விதிப்படி, தனிப்பட்டவர் யாராக இருந்தாலும் தம் சொந்த மேலதிகாரியின் எழுத்துமூல அனுமதியும் வந்திருக்கும் இடத்து ஆயரின் (பிஷப்பின்) எழுத்துமூல அனுமதியும் இல்லாமல் நிதி திரட்டக் கூடாது. பங்குத்தந்தை தலையசைத்தது போதாது. அடுத்த படியில்தான் நம்மவர்கள் அதிகம் தவறுகிறார்கள். இந்தியாவின் வெளிநாட்டு நன்கொடைச் சட்டம், 2010-ன்படி, பதிவு பெற்ற அல்லது முன் அனுமதி பெற்ற அமைப்புதான் வெளிநாட்டு நன்கொடையை வாங்க முடியும். 2020-இல் வந்த திருத்தத்துக்குப் பின், அந்தப் பணம் புதுடெல்லியில் உள்ள ஸ்டேட் பேங்க் முதன்மைக் கிளையின் அதற்கென உள்ள கணக்குக்கே முதலில் போக வேண்டும். வாங்கிய அமைப்பு அதை இன்னோர் அமைப்புக்கு மாற்றிக்கொடுக்கவும் அதே திருத்தம் தடை விதித்தது. ஆக, ‘என் கணக்கில் போடுங்கள், நான் இல்லத்துக்குக் கொடுத்துவிடுகிறேன்’ என்று ஓர் அருட்தந்தை சொன்னால், நல்லெண்ணத்தில் சொன்னாலும், அவரையும் அந்த இல்லத்தையும் நாமே சிக்கலில் மாட்டிவிடுகிறோம். பதிவு எண்ணையும் புதுடெல்லிக் கணக்கின் விவரத்தையும் அமைப்பின் கடிதத்தாளில் கேளுங்கள். தர முடியாதவர்களுக்குத் தற்போதைக்கு அனுப்ப வழியில்லை என்று மரியாதையாகச் சொல்லிவிடலாம்.

உயில் பற்றிச் சுருக்கமாக. பிள்ளைகள் இல்லாத பெரியவர்கள் பலர் ‘என் காலத்துக்குப் பிறகு எல்லாம் கோவிலுக்கே’ என்பார்கள்; எழுதி வைக்க மாட்டார்கள். உயில் இல்லையென்றால் சொத்து பங்கீட்டுச் சட்டப்படி உறவினருக்குப் போகும், கோவிலுக்கு ஒரு காசும் வராது. 1959-ஆம் ஆண்டின் உயில் சட்டப்படி இரு சாட்சிகள் ஒரே நேரத்தில் உடனிருக்க வேண்டும். உயிலில் பயன்பெறுபவரோ அவரது கணவனோ மனைவியோ சாட்சிக் கையெழுத்திட்டால் அவருக்கு எழுதியது செல்லாமல் போகும். அமைப்பின் பெயரையும் பேச்சுவழக்கில் எழுதக் கூடாது. கோலாலம்பூர் உயர்மறைமாவட்டத்துக்குச் சட்டத்தின் முன் உள்ள பெயர் ‘டைட்டுலர் ரோமன் கத்தோலிக் ஆர்ச்பிஷப் ஆஃப் கோலாலம்பூர்’. ‘அந்தோனியார் கோவிலுக்கு’ என்று மட்டும் எழுதினால் எந்த அந்தோனியார் என்ற கேள்வியிலேயே ஆண்டுகள் ஓடும்.

வாங்கியபின் செய்ய வேண்டியதில் நாம் மிகவும் பின்தங்கியிருக்கிறோம். விசுவாசிகள் கொடுத்த காணிக்கைக்கு விசுவாசிகளிடம் கணக்குச் சொல்ல வேண்டும் என்று திருச்சபைச் சட்டத்தின் 1287-ஆம் விதியே சொல்கிறது. ஒரு வாரத்துக்குள் ரசீதும் நன்றியும், ஆறு மாதத்தில் ஒரு பக்கக் கணக்கு: கேட்டது இவ்வளவு, வந்தது இவ்வளவு, செலவு இன்னின்ன, கையிருப்பு இவ்வளவு. குழந்தைகளின் முகம் தெரியும் படம் வேண்டாம். அவர்கள் நாளை இதே ஊரில் வேலைக்குப் போக வேண்டியவர்கள். எதிர்பார்த்தபடி நடக்காததையும் எழுதுங்கள். வேன் வாங்க ஏன் எட்டு மாதம் தாமதமாயிற்று என்று வெளிப்படையாகச் சொன்ன குழுவுக்கு அடுத்த ஆண்டும் பணம் வரும். கொடுத்தவரை அடுத்த விருந்தின்போது மட்டும் அழைக்கும் குழுவின் எண்ணைப் பார்த்தால் கைப்பேசியை எடுக்க மாட்டார்கள்.

ஆசிரியர் அவர்களிடமும் ஒரு விண்ணப்பம். தங்கள் பக்கங்களில் உதவி வேண்டுகோள்கள் நிறைய வருகின்றன. அவற்றால் பலருக்கு உயிரே மீண்டிருக்கிறது, அதில் ஐயமில்லை. இல்லங்களும் அமைப்புகளும் அனுப்பும் வேண்டுகோள்களை மட்டும், கணக்கு யார் பெயரில் இருக்கிறது, தேவைப்படும் மொத்தத் தொகை எவ்வளவு, இதுவரை சேர்ந்தது எவ்வளவு என்ற மூன்றும் இல்லாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுங்கள். சேர்ந்தபின் ‘போதும், இனி அனுப்ப வேண்டாம்’ என்ற செய்தியை அதே அளவு எழுத்தில், அதே பக்கத்தில் போட இடம் கொடுங்கள்.

இப்படிக்கு,
பங்கு நிதிக்குழுக்களில் கணக்குப் பார்ப்போர் சிலர்,
பினாங்கு.